இட்லி, வடை, மீ.பொ.ம.

ஏப்ரல் கடைசியில் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. அஞ்சாம் வகுப்பு முடித்து ஆறுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கணக்கில் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’. முப்பது நாள், காலை ஏழு மணி முதல் எட்டரை வரை. அடியில் பொடி எழுத்தில், விரும்பினால் அங்கேயே ஐஐடி ஃபவுண்டேஷனுக்கும் சேரலாம் என்றிருந்தது. என் மகளுக்கு அப்போது பத்தே முக்கால் வயது. அஸ்திவாரம் போடத் தாமதமாகிவிட்டதோ என்று எனக்கே ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது.

1988 ஜூனில் நான் அஞ்சிலிருந்து ஆறுக்குப் போனபோதும் பிரிட்ஜ் இருந்தது. பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் நடுவே ஓடிய வாய்க்காலில் இரண்டு பனைமரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஆறாங்கிளாஸ். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். கட்டணம் கிடையாது. வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. விழுந்ததால் கணக்கில் பின்தங்கினான் என்று யாரைப் பற்றியும் பேச்சில்லை.

“சேர்த்துடலாமா?” என்றாள் மனைவி.

“எதுக்கு? நான் சொல்லித் தரேன்” என்றேன்.

இந்த வீரத்துக்குக் காரணம் உண்டு. நான் வங்கி அதிகாரி. இருபத்து மூன்று வருடமாக வட்டிக் கணக்கோடு குடித்தனம். வட்டியைக் கணினி போட்டுவிடுகிறது, நான் அடியில் கையெழுத்து மட்டும்தான் போடுகிறேன் என்பது வங்கிக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

எனக்கு ஆறாம் வகுப்புக் கணக்குக்கு நடந்த தயாரிப்பு ஒன்றே ஒன்று. அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. பள்ளி திறப்பதற்கு முதல் வாரம் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வாய்ப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவு, சாணித்தாள், அட்டையில் லட்சுமி. “பதினாறு வரைக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்” என்றார். அத்தோடு தகப்பனாரின் கல்விக் கடமை அந்த வருடத்துக்கு முடிந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டுக்குப் பிறகும் அந்தப் புத்தகத்தில் பக்கங்கள் இருந்தன. அரை வாய்ப்பாடு, கால் வாய்ப்பாடு, மாகாணி வாய்ப்பாடு. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓரணாவுக்குக் கணக்குப் பார்க்க உதவியது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே ரூபாய்க்கு நூறு பைசா ஆகிவிட்டது. புத்தகம் அச்சடித்தவருக்கு அந்தச் செய்தி முப்பத்தொரு வருடமாகியும் போய்ச் சேரவில்லை. பின்னால் இன்னும் போனால் காணி, அது எண்பதில் ஒன்று. முந்திரி, அது முந்நூற்று இருபதில் ஒன்று. முந்திரி என்றால் பாயசத்தில் கிடைப்பது என்று நினைத்திருந்தேன். கிடைக்கிற அளவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

கணக்கு சாரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. நாற்பத்தைந்து நோட்டுகளை மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கிலும் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். விடை சரியென்றால் டிக். வழியில் நாம் என்னென்ன அக்கிரமம் செய்தோம் என்பது நமக்கும் கடவுளுக்கும் உள்ள விவகாரம். விடைகளோ புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியே இருக்கும். ஆகவே நாங்கள் விடையிலிருந்து புறப்பட்டுக் கேள்வியை நோக்கி நடந்து, நடுவில் எங்காவது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவோம். விடை தப்பானால் பிரம்பு. விரலுக்கா, உள்ளங்கைக்கா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவனுக்குண்டு. அதுதான் அன்றைய மாணவர் மையக் கல்வி.

ஆள், வேலை, நாள் கணக்கு மட்டும் எனக்கு நன்றாக வந்தது. எட்டுப் பேர் ஆறு நாளில் கட்டுகிற சுவரைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? நாலு. இதை ஒருநாள் பெருமையாகக் கொத்தனார் வேலை பார்த்த மாமாவிடம் சொன்னேன். “பன்னெண்டு பேர் சேந்தா பேச்சுதாண்டா ஓடும். எட்டு நாளாவும்” என்றார். எந்த விடையை எழுதுவது என்று எனக்குச் சந்தேகமில்லை. மாமா கையில் பிரம்பு கிடையாது.

மே மாதம் மகளின் புதுப் புத்தகம் வந்தது. 2024-ல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ‘கணித பிரகாஷ்’. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்ப்பாட்டில் தொடங்கலாம் என்றேன்.

“ஏழு எட்டு?”

மகள் கூரையைப் பார்த்தாள். “ஏழு ஏழு நாப்பத்தொம்பது. அதோட ஒரு ஏழு. அம்பத்தாறு.”

“இவ்வளவு நேரமா? எங்க காலத்துல கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும்.”

“உங்களுக்கு அது மறந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

அடி வாங்குவோம். அதைத் தவிர வேறு முறை எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? “மறக்காது” என்றேன். இது உண்மையும்கூட. பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு இன்றைக்கும் மறக்கவில்லை, பயத்தோடு போட்ட பதியம் அது. ஆனால் பதினேழு பதினாறு எவ்வளவு என்று கேட்டால் நான் கைப்பேசியை எடுப்பேன். அவள் கூரையைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறாள்.

பகா எண்களும் மடங்குகளும் வருகிற பாடத்தைத் திறந்ததும்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. பாடம் ஒரு விளையாட்டில் தொடங்குகிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று ஆளுக்கோர் எண் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மூன்றின் மடங்கு வந்தால் எண்ணைச் சொல்லாமல் ‘இட்லி’ என்க. ஐந்தின் மடங்கென்றால் ‘வடை’. இரண்டுக்கும் மடங்காக வந்தால் ‘இட்லி வடை’. டெல்லியில் வெளியான கணக்குப் புத்தகத்தில் இட்லியும் வடையும். எங்கள் புத்தகத்தில் சாப்பாட்டுச் சாமான் வந்தால் அது லாப நட்டத்துக்காக வரும். ஒருவர் சர்க்கரையை வாங்கி, மற்றொருவருக்கு விற்று, முடிவில் நஷ்டப்படுவார். யாரும் எதையும் தின்றதாக ஞாபகமில்லை.

விளையாடாமல் விடமாட்டேன் என்றாள். மகள், நான், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மனைவி அடுப்படியிலிருந்து நடுவர்.

“பாட்டி, நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க.”

“லாபம்” என்றாள் அம்மா.

“பாட்டி அவுட்!”

“ஏன் கண்ணு? சரியாத்தான சொன்னேன்?”

அவள் சரியாகத்தான் சொன்னாள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ணுகிற வழக்கமில்லை. ‘லாபம்’ என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். பிறகு ‘ரெண்டு’, ‘மூணு’ என்று போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எண்ணுக்குப் பதில் ஒரு சொல்லைப் போட்டு எண்ணுகிற விளையாட்டை அம்மா கணித பிரகாஷ் வருவதற்கு அறுபது வருடம் முன்பே களத்தில் நின்று ஆடியிருக்கிறாள். மகளுக்கு விஷயம் புரிந்ததும் பாட்டியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாள். அதோடு ஒன்று வந்தால் ‘லாபம்’ என்று எங்கள் வீட்டு விதியும் மாறியது. நான் ஒன்பதில் அவுட். ‘ஒன்பது’ என்றுதான் வாயில் வந்தது. வாய்ப்பாடு படித்த வாய்க்கு இட்லி என்று சொல்லச் சங்கடமாக இருந்தது.

அவர்கள் இருவரும் முப்பது வரை போனார்கள். முப்பதில் ‘இட்லி வடை’ சொன்ன அம்மா சட்டென்று நிறுத்தி, “இனிமே நாப்பத்தஞ்சுலதான் ரெண்டும் சேந்து வரும். அதுக்கப்புறம் அறுவது. பதினஞ்சு பதினஞ்சாத்தான வரும்” என்றாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, அதான் எல்.சி.எம்.”

எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் மீ.பொ.ம. கூடப் பிறந்தது மீ.பொ.வ. மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு. மிகப் பெரியதற்கும் ‘மீ’, மிகச் சிறியதற்கும் ‘மீ’. சுருக்கிய புண்ணியவான் பரீட்சை எழுதியிருக்கமாட்டார். மீ.பொ.ம. கண்டுபிடிக்க, எண்களை வரிசையாக எழுதி இடது பக்கம் ஒரு கோடு இழுத்து, இரண்டால் வகு, மூன்றால் வகு, ஒன்று ஒன்று என்று வந்ததும் ஓரத்து எண்களையெல்லாம் பெருக்கு. பத்தாம் வகுப்பு வரை நூற்றுக்கணக்கில் போட்டிருப்பேன். இரண்டு விஷயங்கள் மறுபடி எப்போது சேர்ந்து வரும் என்பதற்குத்தான் அந்தக் கோடும் வகுத்தலும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற அம்மா விளையாட்டில் வந்த வடையை வைத்துச் சொல்லிவிட்டாள். அன்றிரவு அம்மா வந்து “நீ அப்ப என்னடா படிச்ச?” என்று கேட்டாள். உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் வலித்தது.

பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்களுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு மாடிக் கட்டடமும் லிஃப்டும். தரைத்தளம் பூஜ்யம், கீழே போனால் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. எங்கள் ஊரில் லிஃப்டும் இல்லை, மாடியும் மூன்றே வீட்டில்தான். சார் ‘கடன்’ என்று ஒரே சொல்லில் மைனஸைச் சொல்லி முடித்தார். வகுப்பே உடனடியாகப் புரிந்துகொண்டது. அன்று அடி வாங்காதவர்கள் எண்ணிக்கை அதிகம்.

இன்னொரு பாடத்தில் காப்ரேகர் வந்தார். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், டி.ஆர். காப்ரேகர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் ஒருமுறை, ஏறு வரிசையில் ஒருமுறை எழுதிக் கழிக்க வேண்டும். வருகிற விடையை மறுபடி அப்படியே செய்ய வேண்டும். எந்த எண்ணானாலும் ஏழு தடவைக்குள் 6174-இல் வந்து நிற்கும். 1949-இல் அவர் கண்டது இது. “உங்க சிக்ஸ்த் ஸ்டாண்டர்டு எந்த வருஷம்?” என்று கேட்டு 1988-ஐ எடுத்துக்கொண்டாள் மகள். 9881-இல் 1889 போக 7992. பிறகு 7173, 6354, 3087, 8352. ஆறாவது கழித்தலில் 6174. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஓய்வு நேரத்தில் எண்களோடு விளையாடியிருக்கிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் வாத்தியார் வேலை நேரத்திலேயே விளையாடினார், எங்கள் விரல்களோடு.

அதே பாடத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நான் மாட்டிக்கொண்டேன். லோதர் கொலாட்ஸ் என்ற ஜெர்மானியக் கணிதர் 1937-இல் எழுப்பிய கேள்வி. ஏதாவது ஓர் எண்ணை எடு. இரட்டை எண்ணென்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. வந்ததை மறுபடி இப்படியே செய். எங்கே தொடங்கினாலும் கடைசியில் 1-க்கு வந்துவிடும் என்பது அவர் ஊகம். மகள் 16-ஐ எடுத்தாள். 8, 4, 2, 1. நாலு எண்ணில் முடித்துவிட்டு, “நீங்க 27 போடுங்க. ஈஸிதான்” என்று சொல்லித் தூங்கப் போய்விட்டாள்.

27. ஒற்றை. மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 82. பாதி 41. பிறகு 124, 62, 31. இறங்குகிறதே என்று பார்த்தால் 94. அப்புறம் 47, 142, 71, 214. ஓரடி சறுக்கினால் மூன்றடி ஏறுகிறது, வீட்டுக்கடன் மாதிரி. மகளின் பழைய ரஃப் நோட்டில் ஒரு பக்கம் தீர்ந்தது. பத்தரை மணிக்கு 700-இல் இருந்தேன். “லைட்டை அணைக்கப் போறீங்களா இல்லையா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது 1186. அடுத்துக் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி 1780. அங்கிருந்து 890, 445, 1336, 668, 334, 167. எனக்குக் கண் எரிந்தது. 167-க்கு அடுத்து 512 என்று எழுதினேன்.

512-ஐப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாதி 256, நம் பதினாறு பதினாறு! அது வாய்ப்பாட்டுப் பிள்ளைக்குச் சொந்தத் தெரு. 128, 64, 32, 16, 8, 4, 2, 1. மொத்தம் ஐம்பத்து நாலு படி. அடியில் இரண்டு கோடு இழுத்து, தேதி போட்டு, வங்கியில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டு, அவள் மேஜையில் விரித்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஒரு கையில் இட்லியோடு மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் மேலேயிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வந்து ஓரிடத்தில் நின்றது.

“அப்பா, 167 இன்டு 3?”

“ஐந்நூத்தி...” என்று ஆரம்பித்தேன்.

“501. பிளஸ் ஒண்ணு?”

நான் பதில் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து 512-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். சட்னி ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

“அன்சர் கரெக்ட்தாம்பா. ஸ்டெப்ஸ்தான் தப்பு.” அரை மார்க் போட்டாள். கணக்கு சாராக இருந்திருந்தால் கடைசி வரியில் 1 என்று பார்த்து டிக் அடித்து, “வெரி குட்” என்றும் எழுதியிருப்பார்.

பள்ளி வேன் கீழே ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டே திரும்பி, “எல்லா நம்பருக்கும் ஒண்ணுல முடியுமான்னு இன்னும் யாரும் ப்ரூவ் பண்ணலையாம். புக்லயே போட்டிருக்கு. நீங்க கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். பதினோரு வயதுப் பிள்ளையிடம், விடை யாருக்குமே தெரியாத கேள்வியைக் கொடுக்கிறது ஒரு பாடப்புத்தகம். எங்கள் புத்தகத்தில் விடை இல்லாத கணக்கே கிடையாது. அச்சுப்பிழையால் விடை தப்பாக இருந்தபோதும் அந்தத் தப்பு விடை வரும்வரை போட்டோம், வந்தது.

என் அப்பா நோட்டைத் திறந்து பார்த்ததில்லை. ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தைக் காட்டினால் மண்டிப் பேனாவால் போட்டுக் கொடுப்பார். நடுவில் ஒரு கேள்விதான். “பாஸா?” இப்போது நான் மாதம் முழுவதும் அவள் நோட்டைத் திறந்து பார்க்கிறேன். கையெழுத்துக் கேட்டு அவள் என்னிடம் வருவதில்லை, பள்ளியின் செயலியில் எல்லாம் தானாக வந்துவிடுகிறது. பிரிட்ஜ் கோர்ஸ் முப்பது நாள் முடிந்து, பக்கத்து வீட்டுப் பையன் சான்றிதழோடு வந்தான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை எனக்குக் கேட்கிற மாதிரி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வங்கி விடுமுறை. 27-ஐ மறுபடி எடுத்து 502-இலிருந்து தொடர்ந்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. ஒன்றுக்கு வர 111 படி ஆகிறது, நடுவில் 9232 வரை ஏறிவிட்டுத்தான் இறங்குகிறது. மகள் வரிக்கு வரி பென்சிலால் டிக் போட்டுப் பார்த்து, கடைசிப் பக்கத்தின் அடியில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.